வெற்றுக் கட்டம்

நமது கலாசாலை ஆண்டு மலருக்குத் தமிழில் ஏதேனும் எழுதியனுப்புமாறு பத்திராசிரியர் அன்புடன் கேட்டிருந்தார். இக்கலாசாலையில் பௌதிகம் பயின்று வெளிச்சென்றவனாதலின், யான் ஆய்வுக்கூடத்தைப்பற்றியோ விஞ்ஞானிகளைப்பற்றியோ எழுதுவேன் என்று அவர் எதிர்பார்த்திருத்தல் கூடும். ஆயினும் எழுத அமர்ந்தவுடன் என் மனம் இக்கட்டடங்களையெல்லாம் கடந்து, வேங்கிக்காலில் யான் எட்டாம் வகுப்புவரை படித்த நடுநிலைப்பள்ளியின் மைதானத்திலே போய் நின்றது. அளத்தல் என்னும் வித்தையை யான் முதன்முதற் கற்றது அங்கேதான்; அளக்காததை அளந்ததாக எழுதுதல் எத்துணைப் பெரும் பிழை என்று உணர்ந்ததும் அங்கேதான். ஆதலின் அதனையே எழுதத் துணிந்தேன்.

வேங்கிக்கால் திருவண்ணாமலை நகரை ஒட்டி, வேலூர் செல்லும் பெருஞ்சாலையில் அமைந்த ஊர். 1989-ஆம் ஆண்டு திருவண்ணாமலை தனி மாவட்டமாயிற்று. மாவட்ட ஆட்சியர் அலுவலகம் எங்கள் ஊரில் எழுந்தது. அதனால் ஊரின் ஒருபால் அலுவலர்களும் மனுக்கொடுக்க வருவோரும் நிறைந்த ஆரவாரம். மற்றொருபால் ஏரியும் வயலும் ஆடுமாடுகளும் விளங்கும் பழைய கிராமம். மேற்கே ஏறிட்டு நோக்கின் 2,668 அடி உயர்ந்து நிற்கும் அண்ணாமலை. அம்மலையின் உச்சியில் முகில் கவிந்தால் மழை வரும் என்று என் பாட்டனார் கூறுவார். மழை பெய்து ஓய்ந்தபின் கொல்லையில் மண்ணைக் கிளறிப் பார்த்து, ‘ஓர் உழவு மழை’ என்றோ ‘உழவுக்குக் காணாது’ என்றோ தீர்ப்புச் சொல்லுவார். மழைக்கு அளவு உண்டு என்பதனை யான் முதலிற் கேள்வியுற்றது அவர் வாய்மொழியாகவே.

எங்கள் பள்ளியைக் கண்டவர் அதனைப் பெரிதாக மதித்திரார். சில வகுப்பறைகள், ஒரு சத்துணவுக்கூடம், ஒரு கைப்பம்பு, ஒரு வேப்பமரம், அவ்வளவே. ஆயினும் அங்கே பாடநூலுக்குப் புறம்பாக நடந்தவற்றை எண்ணிப் பார்க்குங்கால் எனக்கு வியப்பே மேலிடுகின்றது. காலை வணக்கக் கூட்டத்தில் ஒருவன் திருக்குறள் சொல்லிப் பொருள் கூறவேண்டும். ஒருத்தி அன்றைய செய்தித்தாளிலிருந்து நான்கு செய்திகளை வாசிக்கவேண்டும். வெள்ளிக்கிழமை பிற்பகலில் இலக்கிய மன்றம் கூடும். வாய் திறவாத பிள்ளைகளும் அன்று மேசைக்குப்பின் நின்று, மேசையைப் பற்றிக்கொண்டேனும் இரண்டு நிமிடம் பேசியாக வேண்டும். இளஞ்செஞ்சிலுவைச் சங்கத்தார் காயத்திற்குக் கட்டுப்போடப் பழகுவர். கைப்பம்பினின்று வழிந்தோடும் நீரைப் பாத்திக்குத் திருப்பி நாங்கள் வளர்த்த கீரை, சத்துணவுச் சாம்பாரில் இடம்பெறும் நாளில் எங்கள் பெருமைக்கு எல்லையிராது. எட்டாம் வகுப்பார் ஓர் அட்டையில் கதையும் விடுகதையும் படமும் ஒட்டிச் சுவரிதழ் நடத்துவர். அவ்விதழில் என் பெயர் முதன்முறை வெளிவந்த நாளில், எழுத்தறியாத என் தாயாரை அழைத்துவந்து காட்டினேன். அவர் அதன்மேல் விரலை வைத்துத் தடவிப் பார்த்தார்.

இவையெல்லாம் விளையாட்டுக்காலப் பொழுதுபோக்கு என்று கருதுவோர் உளர். 2012-ஆம் ஆண்டு எட்டாம் வகுப்புவரை முப்பருவ முறை வந்தபொழுது, பாடந்தோறும் 60 மதிப்பெண் எழுத்துத் தேர்வுக்கும் 40 மதிப்பெண் மாணவர்தம் செயல்பாடுகளுக்கும் வகுக்கப்பட்டன. அந்த 40-க்காகவே இவற்றைச் செய்தோம் என்று சொல்லிவிடலாம். ஆனால் அந்த 40-இலும் அடங்காத ஒன்றை யான் அப்பள்ளியிற் பெற்றேன். அது நிகழ்ந்த வரலாற்றை இனிக் கூறுகின்றேன்.

1993-ஆம் ஆண்டு முதல் நம் நாட்டில் தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாடு என்பது நடந்து வருவதை அன்பர்கள் அறிந்திருப்பர். 10 வயது முதல் 17 வயதுவரை உள்ள பிள்ளைகள் சிறு குழுவாகச் சேர்ந்து, தம் ஊரிலேயே ஒரு பொருளை எடுத்து ஆராய்ந்து, அதனை மாவட்ட அளவிலும், தேர்வாயின் மாநில அளவிலும் நாட்டளவிலும் எடுத்துரைப்பர். 2014, 2015 ஆகிய ஈராண்டுகளுக்கும் அம்மாநாட்டின் பொருள் வானிலையையும் காலநிலையையும் அறிதல் என்பது. 2015-இல் யான் எட்டாம் வகுப்பில் இருந்தேன். எங்கள் அறிவியல் ஆசிரியை ஐந்து பிள்ளைகளைப் பொறுக்கி, “நம் ஊர் மழையை நாமே அளப்போம்” என்றார். அவ்வைவரில் யானும் ஒருவன்.

மழைமானி செய்தற்கு எங்களுக்குச் செலவு யாதுமில்லை. பக்கங்கள் நேராக உள்ள பெரிய பிளாஸ்டிக் பாட்டில் ஒன்றின் தலையை அறுத்து, அதனைக் கவிழ்த்துப் புனலாக உள்ளே பொருத்தினோம். பாட்டிலின் அடி மேடுபள்ளமாயிருத்தலின், கூழாங்கற்களை இட்டு, அவை மூழ்குமளவும் நீர் ஊற்றி, அந்நீர்மட்டத்திற்குச் சுழிக்கோடு இட்டோம். அதற்குமேல் 15 சென்டிமீட்டர்வரை அளவுகோல் ஒட்டினோம். ஒரு மில்லிமீட்டர் மழை என்பது ஒரு சதுர மீட்டர் நிலத்தில் ஒரு லிட்டர் நீர் என்று ஆசிரியை விளக்கியபோது, ‘ஓர் உழவு மழை’யை எண்ணாக மாற்றும் வழி கிடைத்ததென்று மகிழ்ந்தேன். மரத்திற்கும் சுவருக்கும் எட்டத்தில், மைதானத்தின் நடுவே, நான்கு செங்கற்களுக்கிடையே அதனை நிறுத்தினோம். நாள்தோறும் காலை 8.30 மணிக்கு நீர்மட்டத்தைக் கண்ணுக்கு நேரே வைத்துப் பார்த்து, பதிவேட்டில் அந்நாளுக்குரிய கட்டத்தில் எழுதி, நீரைச் சுழிக்கோடுவரை சரிப்படுத்தவேண்டும். நாடெங்கும் வானிலை நிலையங்கள் மழையை அளக்கும் நேரமும் 8.30 தான் என்று கேட்டபொழுது, நாங்களும் அப்பெரிய வேலையிற் பங்குடையோம் என்று நெஞ்சு நிமிர்ந்தது.

இவ்வேலை புதிதன்று என்பதனையும் ஆசிரியை கூறினார். கௌடிலியரின் அர்த்தசாஸ்திரத்தில் மழையளக்கும் கலம் கூறப்பட்டுள்ளது. கொரிய நாட்டில் செஜோங் மன்னர் காலத்தில், 1441-ஆம் ஆண்டிலேயே மழைமானி செய்து ஊர்தோறும் அனுப்பத் தொடங்கினர். நம் சென்னையில் 1792-இல் வானாய்வுக்கூடம் ஏற்பட்டது. 1875-இல் இந்திய வானிலை ஆய்வுத் துறை நிறுவப்பட்டது. நம் பஞ்சாங்கங்களோ இத்தனை மரக்கால் மழை என்று முன்கூட்டியே குறித்துவிடுகின்றன. “பெய்யுமுன் சொல்வது பஞ்சாங்கம், பெய்தபின் அளப்பது விஞ்ஞானம்” என்று அவர் நகைத்துக்கொண்டே சொன்னது இன்றும் காதில் ஒலிக்கின்றது.

நிற்க. முதற் பருவத் தேர்வு முடிந்து விடுமுறை வந்தது. என் வீடு பள்ளிக்கு எதிரே இருந்தமையால் விடுமுறையிற் பதிவேடு என் பொறுப்பாயிற்று. அவ்விடுமுறையிலேதான் புரட்டாசிப் பௌர்ணமி வந்தது. பௌர்ணமி நாளில் மலையைச் சுற்றி 14 கிலோமீட்டர் நடந்து கிரிவலம் வருவார் கூட்டம் எத்தகையது என்பதனை எங்கள் ஊரார்க்குக் கூறவேண்டுவதில்லை. என் தந்தையார் அந்நாட்களில் மலைக்கு மேல்புறத்தே, அடி அண்ணாமலைப் பக்கம், தேநீர்க்கடை இடுவார். அன்றிரவு முழுதும் யான் அவருக்குத் துணையாக நின்று குவளை கழுவினேன். நள்ளிரவுக்குமேல் தார்ப்பாய் கிழியும்வண்ணம் மழை கொட்டிற்று. விடியற்காலையில் வீடு திரும்பிப் படுத்தவன், கண் விழித்தபோது மணி 11.

பதைத்தெழுந்து மைதானத்திற்கு ஓடினேன். தரை ஈரமாயிருந்தது. செங்கற்கள் சரிந்திருந்தன, பாட்டில் உருண்டு கிடந்தது, இரண்டு ஆடுகள் அருகில் மேய்ந்துகொண்டிருந்தன. பாட்டிலில் ஒரு துளி நீரும் இல்லை.

பதிவேட்டைத் திறந்தேன். முந்தைய நாட்களின் கட்டங்கள் எல்லாம் நிரம்பியிருந்தன. ஒரு கட்டம் வெறிதே நின்றால் ஆசிரியை என்னை என்னென்று நினைப்பார் என்று அஞ்சினேன். இரவு கேட்ட மழையோசையை நினைத்து, 22 மில்லிமீட்டர் என்று எழுதினேன். எழுதிய பின்னர் அது மற்ற எண்களைப் போலவே தோன்றியது. பொய்யெண்ணுக்கும் மெய்யெண்ணுக்கும் உருவத்தில் வேறுபாடு இல்லை என்பதனை யான் அன்று கண்டேன். கண்டு ஆறுதலும் அடைந்தேன்.

பள்ளி திறந்தது. படம் வரைவதற்காகப் பதிவேட்டை எடுத்தபொழுது, எங்கள் குழுவிலிருந்த ஒரு பெண் தானும் ஒரு சிறு நோட்டுப்புத்தகத்தை வெளியே எடுத்தாள். ஏரிக்கரைத் தெருவில் உள்ள தன் வீட்டுக் கொல்லையிலும் அவ்வாறே ஒரு பாட்டிலை வைத்து, ஒருவரும் ஏவாமலே, நாள் தவறாமல் அளந்து வந்திருக்கின்றாள்! ஆசிரியை பெரிதும் மகிழ்ந்து, இரண்டு கணக்குகளையும் அருகருகே வைத்து ஒப்பிட்டார். எல்லா நாளிலும் ஒன்றிரண்டு மில்லிமீட்டருக்குள் இரண்டும் ஒத்திருந்தன. ஒருநாள் மாத்திரம் ஒவ்வவில்லை. பள்ளியில் 22, ஏரிக்கரையில் 3.

பிள்ளைகள் சிரித்தனர். “உன் பாட்டிலில் ஓட்டை” என்றான் ஒருவன். அவள் முகம் வாடிவிட்டது. மறுநாள் வந்து, “டீச்சர், என் பாட்டில்தான் சரியில்லை போலிருக்கிறது. கல்லையெல்லாம் கொட்டிவிட்டுப் புதிதாகச் செய்துவிட்டேன். பழைய கணக்கைச் சேர்க்க வேண்டா” என்றாள். யான் அருகிலேயே நின்றேன்; வாய் திறவாதிருந்தேன்.

ஆசிரியை அவளைத் தேற்றினார். “அப்படி நினைக்காதே, அம்மா. மலையை அடுத்த ஊரில் மழை ஒரு தெருவில் பெய்து அடுத்த தெருவில் பெய்யாதிருப்பதும் உண்டு. பள்ளிக்கும் ஏரிக்கரைக்கும் இடையே இவ்வளவு வேறுபாடு என்றால், அதுவே நாம் கண்டுபிடித்த செய்தி. மாநாட்டில் இதனையே முடிவாகச் சொல்லுவோம்” என்றார். பெரிய அட்டையில், பச்சை மையால், அந்த 22-ஐயும் 3-ஐயும் இரண்டு தூண்களாக வரையச் செய்தார். தலைப்பும் அவற்றை வைத்தே அமைந்தது.

யான் எழுதிய ஓர் எண்ணின் வேலையைப் பாருங்கள். உண்மையாக அளந்தவளைத் தன் கண்ணையே ஐயுறச் செய்தது. நல்லாசிரியை ஒருவரை இல்லாத மழைக்குக் காரணம் தேடச் செய்தது. இனி மாவட்டத்தார் முன்னிலையில் ஐந்து பிள்ளைகளின் முடிபாக நிற்கப் போகின்றது. ஒரு கட்டத்தை நிரப்புதற்கென்று எழுதிய எண் அக்கட்டத்தோடு நிற்கவில்லை.

மூன்று நாள் பொறுத்தேன். நான்காம் நாள், சத்துணவு முடிந்து எல்லோரும் தட்டுக் கழுவப் போனபின், ஆசிரியையிடம் சென்று, “டீச்சர், அந்த 22 யான் அளந்ததன்று. ஆடு தட்டிவிட்டிருந்தது. யான் கேட்டது அடி அண்ணாமலை மழை” என்று சொல்லி அழுதேன்.

அவர் என்னை அடிக்கவில்லை, கடியவும் இல்லை. நெடுநேரம் அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பின்னர், “தம்பி, பதிவேட்டை எடுத்து வா” என்றார். “அந்த எண்ணை அழிக்காதே. கீழே உள்ளது தெரியும்படி ஒரே ஒரு கோடு கிழி. பக்கத்தில் ‘அளக்கப்படவில்லை’ என்று எழுதி உன் கையெழுத்தை இடு. அட்டையில் அந்த நாளை வெறுமையாக விடுவோம். வெற்றுக் கட்டமும் ஒரு செய்திதான். அன்று நமக்குத் தெரியாது என்னும் செய்தி. அதற்கு நாணவேண்டுவதில்லை” என்றார். சற்று நின்று, “என்னிடம் சொன்னது போதாது. அவளிடமும் சொல்” என்றார்.

ஆசிரியையிடம் சொன்னதினும் அவளிடம் சொன்னதே எனக்கு அரிதாயிருந்தது. அவள் கேட்டுவிட்டு, “அப்படியானால் என் பழைய பாட்டில் சரியாகத்தான் இருந்ததா?” என்று மாத்திரம் வினவினாள். என்மீது சினந்தாளில்லை. தன் அளவு மெய்யே என்று அறிந்ததில் அவளுக்கு உண்டான மகிழ்ச்சியில், என்மேல் சினப்பதற்கு நேரமில்லாமற் போயிற்று. புதிய பாட்டிலைச் செய்வதற்காகப் பழையதைக் கவிழ்த்துவிட்டதற்கே வருந்தினாள்.

பச்சை மையில் எழுதிய அட்டையை விட்டு, புதிய அட்டை வரைந்தோம். தலைப்பும் மாறியது, கவர்ச்சியும் குறைந்தது. மாவட்ட மாநாட்டில் எங்கள் முறை வந்தபொழுது, நடுவர் ஒருவர் அட்டையிற் கைவைத்து, “இந்த நாள் ஏன் காலியாக உள்ளது?” என்று கேட்டார். நால்வரும் என்னை நோக்கினர். “அன்று ஆடு மழைமானியைத் தள்ளிவிட்டது, ஐயா. முதலில் ஊகித்து எழுதினேன். பிறகு அடித்துவிட்டோம்” என்றேன். அவர் தலையசைத்து ஏதோ குறித்துக்கொண்டார். மாநில மாநாட்டிற்கு நாங்கள் தெரிந்தெடுக்கப்படவில்லை. உண்மை சொன்னவர்க்குப் பரிசு கிடைத்தது என்று முடிப்பின் கதை இனிதாயிருக்கும். ஆனால் நடந்தது அஃதன்று. திரும்பும் வழியில் ஆசிரியை எங்களுக்குப் பேருந்து நிலையத்தில் பரோட்டா வாங்கிக் கொடுத்தார்.

மாநாடு முடிந்தபின்னும் அளப்பதை நாங்கள் விடவில்லை. அவ்வாண்டு வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டையே கலக்கியது. 2015 டிசம்பர் 2-ஆம் நாள் காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று, செம்பரம்பாக்கத்தில் 47. செய்தித்தாளில் அதனைக் காலை வணக்கக் கூட்டத்தில் வாசித்த அன்று, எங்கள் பாட்டிலின் உயரத்தைக் கொண்டு கணக்கிட்டோம். தாம்பரத்தில் நின்றிருந்தால் அது மும்முறை நிரம்பி வழிந்திருக்கும். சென்னை வெள்ளத்தில் மூழ்கிய அந்நேரத்தும், எங்கோ ஒருவர் நீர்மட்டத்தைக் கண்ணுக்கு நேரே வைத்துப் பார்த்தே அந்த 49-ஐ எழுதியிருப்பார் என்று எண்ணினேன். அவர் என்னைப்போல் ஓசையைக் கேட்டு எழுதியிருந்தால், எந்த ஏரி எத்துணை நீரைத் தாங்கும் என்று பின்னர்க் கணக்கிடுவோர் எதனை நம்புவர்?

பல ஆண்டு கழிந்து இக்கலாசாலை ஆய்வுக்கூடத்தில் அச்சோதனை மீண்டும் என்முன் வந்தது. ஊசலைக்கொண்டு புவியீர்ப்பு முடுக்கத்தைக் காணும் சோதனை. வரவேண்டிய விடை 9.8 என்பது யாவர்க்கும் தெரியும். எனக்கு வந்தது 9.4. “நேரத்தில் கொஞ்சம் கூட்டிக் குறைத்து எழுது, பதிவேட்டை யார் பார்க்கப் போகிறார்கள்?” என்றார் நண்பர். அவரைப் பழிக்கின்றேனில்லை. விடையிலிருந்து பின்னோக்கி நடந்து அளவைச் செய்துகொள்ளும் வழக்கம் இந்நாட்டு ஆய்வுக்கூடங்களில் அரிதன்று. அதனை நாம் ஒருவரிடமிருந்து ஒருவர் வெட்கமின்றிக் கற்றுக்கொள்கின்றோம். எழுதுகோல் என் கையிலும் சற்றே தயங்கியது. அப்பொழுது அந்த ஏரிக்கரைப் பெண்ணின் வாடிய முகம் என் கண்முன் வந்தது. 9.4 என்றே எழுதினேன். பேராசிரியர் அதனைக் கண்டு, என்னுடன் ஊசலின் அருகே வந்து நின்று ஆராய்ந்தார். குண்டின் நடுவரை நீளத்தை அளவாமல், நூலின் நுனிவரை மாத்திரம் அளந்திருந்தேன் என்பது வெளியாயிற்று. 9.8 என்று எழுதியிருந்தால் மதிப்பெண் கிடைத்திருக்கும். ஊசலின் நீளம் என்பது யாது என்னும் அறிவு கிடைத்திராது.

இக்காலத்து நடுநிலைப்பள்ளிகளில் வாய்ப்புகள் பெருகியுள்ளன. 2022 நவம்பரில் தமிழ்நாட்டு அரசு வானவில் மன்றம் என்னும் திட்டத்தைத் தொடங்கி, ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்புவரை உள்ள பிள்ளைகள் அறிவியலையும் கணிதத்தையும் கையாற் செய்து கற்க வகைசெய்தது. கருவிகளைப் பையிற் சுமந்து பள்ளி பள்ளியாகச் சென்று சோதனை செய்து காட்டும் கருத்தாளர்களும் அமர்த்தப்பெற்றனர். இவற்றைக் காணுந்தோறும் எனக்கு உண்டாகும் மகிழ்ச்சியோடு ஒரு வேண்டுகோளும் எழுகின்றது. சோதனை கைகூடிய பிள்ளையைப் பாராட்டுவோம். கைகூடவில்லை என்று உள்ளவாறு சொன்ன பிள்ளையையும் அவ்வண்ணமே பாராட்டுவோம். பரிசுக்கோப்பைகளும் படங்களும் பெருகும் இடத்தில், கட்டங்களை எவ்வாறேனும் நிரப்பும் ஆசையும் பெருகும். அதனைத் தடுக்கவல்லது, எங்கள் ஆசிரியையைப்போல், அழிக்காமல் ஒரு கோடு கிழிக்கக் கற்பிக்கும் ஒருவரே.

மாணவ நண்பர்காள்! உங்களிற் பலர் நாளை ஆசிரியராவீர். சிலர் ஆய்வுக்கூடத்திலும், சிலர் அலுவலகத்திலும், சிலர் மருத்துவமனையிலும் பதிவேடுகளைக் கையிற் கொள்வீர். எங்கும் ஒரு கட்டம் உங்களை நோக்கி, நிரப்புக என்று வற்புறுத்தும் நாள் வரும். அந்நாளில் எங்கள் ஊர் ஆடுகளையும், கவிழ்ந்து கிடந்த அந்தப் பாட்டிலையும் ஒரு கணம் நினைத்துக்கொள்ளுங்கள். அளந்ததை அளந்தவாறு எழுதுவோம். அளக்காததை அளக்கவில்லை என்றே எழுதி, கீழே நம் கையெழுத்தையும் இடுவோம்.